முதலில் வாசகர், அப்புறம்தான் புத்தகம்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கூத்து நோட்டீஸ், பட்டா மாற்ற மனு, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று நாள் முழுக்கத் தமிழ் தட்டுவதுதான் பிழைப்பு. இதே கடையில் உட்கார்ந்து பல வருஷமாக வலைப்பதிவு எழுதி, அதிலிருந்து ஒரு புத்தகமும் வந்த பிறகு, எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் அடிக்கடி வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணா, புக்கு போடணும், யார பாக்கணும்?"

யாரையும் பார்க்க வேண்டாம், முதலில் எழுதி உங்கள் பெயரில் ஓர் இடத்தில் போடுங்கள், ஒரு வருஷமாவது விடாமல் போடுங்கள், அப்புறம் புத்தகத்தைப் பற்றிப் பேசலாம் என்பேன். ஏன் அப்படிச் சொல்கிறேன், அதற்குப் பிறகு என்னென்ன வரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் எழுதுகிறவர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பாட்டுக் கட்டுகிறவர்கள், கூத்துக்கு வசனம் எழுதுகிறவர்கள், நோட்டு நோட்டாகக் கவிதை வைத்திருந்த வாத்தியார்கள் எல்லாரும் இருந்தார்கள். அச்சுக்குப் போகிற வழிதான் இல்லை. கதையை வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, சுயவிலாசமிட்டு ஸ்டாம்பு ஒட்டிய உறையும் வைத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்கு நேரில் தெரியும். பதிப்பாளரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடித்தால்தான் அச்சுக்கூலி கட்டுப்படியாகும் என்றிருந்த காலம் அது, அரசு நூலகங்களுக்கு வாங்குகிற நூலக ஆணை வந்தால் போட்ட காசு திரும்பும், வராவிட்டால் கட்டுக்கட்டாகக் குடோனில் கிடக்கும். முன்பின் தெரியாத பாலக்கோட்டுக்காரனை நம்பி யார் அந்தப் பணத்தைப் போடுவார்கள்?

இதை உடைக்கப் பார்த்தவர்கள் முன்பும் இருந்தார்கள். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிக் கைக்காசைப் போட்டு நடத்தினார், புத்தகம் போட்டு அதைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். வணிகப் பத்திரிகை வேண்டாம் என்று ஒதுக்கிய எழுத்துக்குச் சிற்றிதழ்கள்தான் வீடு. ஆனால் அந்தச் சிற்றிதழும் சந்தா கட்டினவர் வீட்டுக்குத்தான் போகும். எங்கள் பக்கம் பஸ் ஏறி வந்து சேராது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு கடையில் வாரப் பத்திரிகை தொங்கும், ராசிபலன் புத்தகம் தொங்கும், அவ்வளவுதான்.

2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பதிவு வந்தது. இலவசமாக வலைப்பதிவு எழுத இடம் தருகிற பிளாகரைக் கூகுள் வாங்கினது 2003-இல், பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டிக் காட்டுகிற தமிழ்மணம் வந்தது 2004-இல். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எழுத்துருச் சங்கதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், என் தொழில் அது என்பதால் என்னால் தாண்ட முடியாது. அப்போதெல்லாம் என் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்ததை வானவில் எழுத்துரு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் திறந்தால் கசமுசா என்று ஏதோ வரும். ஒரே மொழியை எழுதிவிட்டு இன்னொருத்தர் திரையில் படிக்க முடியாத நிலை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடு முறை வந்து, எ-கலப்பை, என்ஹெச்எம் ரைட்டர் மாதிரி இலவச மென்பொருள்கள் வந்த பிறகுதான் பாலக்கோட்டில் அடித்ததை டொரண்டோவில் இருப்பவர் அப்படியே படித்தார். இலக்கியத்தில் வந்த மாற்றம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அதற்கு அடியில் இந்தச் சின்ன விஷயம் இருக்கிறது. யாரோ சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து விசைப்பலகை செய்து கொடுத்தார்கள்.

நான் எழுதத் தொடங்கியபோது ஊரைப் பற்றித்தான் எழுதினேன். நடுகல், ஏரி, கேழ்வரகுக் களி, மாரியம்மன் பண்டிகை, ராத்திரி முழுக்க நடக்கிற பாரதக் கூத்து, புளி உலுக்குகிற காலம், தக்காளி மண்டியில் விடியற்காலை ஏலம், தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதால் பல்லில் கறை விழுந்த எங்கள் வயசுக்காரர்கள். படிக்கப் போகிறவர்கள் சென்னையில் உள்ள இலக்கிய ஆட்கள் என்று மனசில் ஒரு கணக்கு இருந்தது. வந்து படித்தவர்கள் வேறு.

பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிற பையன், திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிற பெண், ஓசூர் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் முடித்து ரூமுக்குத் திரும்புகிறவர், கேரளாவில் ஹோட்டல் வைத்திருக்கிற காரிமங்கலத்துக்காரர். எங்கள் மாவட்டத்திலிருந்து பிழைக்க வெளியே போனவர்கள் எவ்வளவு பேர் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், பண்டிகைக்கு முந்தின நாள் ரயிலைப் பார்த்தால் போதும். ராத்திரி பத்து மணிக்கு மேல் செல்போனில் சொந்த ஊர்ப் பெயரைத் தேடுகிறார்கள், தேடினால் என் பதிவு வருகிறது. மாரண்டஹள்ளி என்று தமிழில் அடித்தால் அன்றைக்கு வேறென்ன வரும்? ஒரு பஸ் டைம்டேபிள் வரும், ஒரு விபத்துச் செய்தி வரும், அப்புறம் நான் எழுதினது வரும்.

எந்தப் பதிப்பாளர் கணக்கிலும் இல்லாத வாசகர்கள் இவர்கள். வாழ்க்கையில் பாடப்புத்தகம் தவிர ஒரு புத்தகம் காசு கொடுத்து வாங்காதவர்களும் இதில் உண்டு. பத்தாவதோடு நிறுத்தியவர்கள் உண்டு. இவர்கள் படிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு என் எழுத்து மாறியது. பொய் எழுத முடியாது, எழுதினால் மறுநாளே கேட்பார்கள். அலங்காரம் செய்தாலும் கேட்பார்கள். வலைப்பதிவு இலக்கியத்துக்குச் செய்த பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம். எழுதுகிறவர் தொகை பெருகியது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது சரிதான், ஆனால் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களே முதல் வாசகராக வந்து உட்கார்ந்ததுதான் பெரிசு. முன்பெல்லாம் கிராமத்தைப் பற்றிய கதையைக் கிராமத்துக்காரர் படிக்க வாய்ப்பே இல்லாமல் எழுதிவிடலாம்.

ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தாலுகாவில் ஓர் ஏரிக்கரையில் ஒரு நடுகல் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கமெல்லாம் மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரர்களுக்கு நட்ட கற்கள் ஏராளம், தொறு மீட்டுப் பட்டான், அதாவது மாட்டு மந்தையை மீட்டுச் செத்தான் என்று பழைய வட்டெழுத்தில் வெட்டியிருக்கும், ஜனங்கள் வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். அந்தக் கல்லில் எழுத்து தேய்ந்துபோய், ஒருகை வில்லும் ஒருகை அம்புமாக நிற்கிற உருவம் மட்டும் தெரியும். அதைப் படம் எடுத்துப் போட்டு, ஏரியைக் காத்த வீரனாக இருக்கலாம், அதனால்தான் கரையில் வைத்திருக்கிறார்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னதையும் சேர்த்து எழுதியிருந்தேன்.

மூன்றாம் நாள் திருப்பூரிலிருந்து ஒரு பையன் எழுதியிருந்தான். "அண்ணா, அந்தக் கல்லு மொதல்ல ஏரிக்கரையில இல்ல. எங்க தாத்தா காலத்துல கொல்லையில இருந்துச்சு. நெலத்த சமம் பண்ணயில ஏர்ல தட்டுது, சாமிக் கல்லாச்சேனு மாட்டு வண்டியில ஏத்திக் கொண்டுபோய் கரையில வெச்சாங்க. கூட இன்னொரு கல்லும் இருந்துச்சு, அது ரெண்டா ஒடஞ்சு போச்சு. ஒரு துண்டு எங்க ஊட்டுல துணி தொவைக்கிற கல்லு." அவன் வீட்டு விலாசம் கேட்டுப் போனோம். கொல்லைப்புறத்தில், சோப்பு நுரை காய்ந்த அந்தத் துண்டைப் புரட்டிப் பார்த்தால் அடியில் மாட்டின் காலும் வாலும் இருக்கிறது. அவன் அம்மா, "இத்தன வருஷமா சாமி மேலயா தொவச்சேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கல்லைக் கழுவி, மஞ்சள் வைத்து, கரையில் உள்ள கல்லின் பக்கத்திலேயே சேர்த்துவைத்தார்கள்.

இதே கட்டுரை ஒரு வாரப் பத்திரிகையில் வந்திருந்தால் அந்தப் பையன் பார்த்திருக்கவே மாட்டான். புத்தகத்தில் வந்திருந்தால் தப்பான விளக்கம் அச்சில் ஏறி நிலைத்திருக்கும். பதிவில் என்பதால் அன்றைக்கே கீழே ஒரு குறிப்பு சேர்த்தேன், அவன் பெயரைப் போட்டு நன்றியும் சொன்னேன். திருத்தினால் திருத்தினேன் என்று தேதியோடு சொல்லுங்கள், சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். படிக்கிறவர்கள் அதைக் கவனிக்கிறார்கள், அதன் பிறகுதான் மனம்விட்டுத் தகவல் தருகிறார்கள்.

உலகம் பூராவும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டி வெயர் என்ற கம்ப்யூட்டர்காரர் 'தி மார்ஷியன்' நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் வலைத்தளத்தில் சும்மா போட்டார், விஞ்ஞானம் தெரிந்த வாசகர்கள் கணக்குத் தப்பு என்று சுட்டிக்காட்ட அவரும் திருத்திக்கொண்டே போனார். அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் படிக்கும்படி கொடுங்கள் என்று அந்த வாசகர்களே கேட்டதால் 2011-இல் 99 சென்ட்டுக்குப் போட்டார். அது விற்ற வேகத்தைப் பார்த்துப் பெரிய பதிப்பகம் தேடி வந்து 2014-இல் அச்சிட்டது, 2015-இல் சினிமா. நியூயார்க்கில் ஜூலி பவல் 2002-இல் சமையல் பதிவு எழுத ஆரம்பித்து 2005-இல் அது புத்தகமானது. தமிழில் ஜெயமோகன் மகாபாரதத்தை வைத்து 'வெண்முரசு' நாவல் வரிசையை 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாகத் தன் தளத்தில் வெளியிட்டார், 26 நாவல்கள். அவ்வளவு பெரிய படைப்பை எந்தப் பத்திரிகை தொடராகப் போட்டிருக்கும்? பக்கம் ஒதுக்க முடியாது, ஆறு வருஷம் பொறுக்கவும் முடியாது. படிக்கக் காசில்லாமல் தளத்திலேயே கிடைக்கிறது, ஆனாலும் அச்சுப் புத்தகத்தையும் ஆட்கள் வாங்கினார்கள். இலவசமாகப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்வேன். பதிவில் படித்தவர்கள்தான் புத்தகத்தை வாங்குகிறார்கள், கையில் வைத்துக்கொள்ள, அப்பாவுக்குக் கொடுக்க, கல்யாணத்தில் பரிசளிக்க.

இன்னொன்று ஆயுள். 2022 மே மாதம், பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அன்றைக்கு ராத்திரி, எங்கள் பக்கத்துப் பாறை ஓவியங்களைப் பற்றியும் கல்திட்டைகளைப் பற்றியும் நான் எப்போதோ எழுதிப்போட்ட பழைய பதிவுகளுக்குத் திபுதிபுவென்று ஆட்கள் வந்தார்கள். பத்திரிகை ஒரு வாரத்தில் பொட்டலம் மடிக்கப் போய்விடும். பதிவு காத்துக்கொண்டிருக்கும். அதனால் ஊர்ப்பெயர், தாலுகா, யார் சொன்னார்கள், எந்த வருஷம் பார்த்தது என்பதையெல்லாம் முழுசாக எழுதிவையுங்கள். 'போன வாரம்', 'நம்ம ஊர்' என்று எழுதினால் பத்து வருஷம் கழித்துப் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது.

நல்லது மட்டும் சொல்லிப் போக மனசில்லை. வலைப்பதிவால் நாம் இழந்ததும் இருக்கிறது, அதில் முதலாவது எடிட்டர். தமிழில் கைப்பிரதியை வரி வரியாகப் பார்க்கிற பதிப்பகம் எப்போதுமே குறைவு, க்ரியா பதிப்பகத்து ராமகிருஷ்ணன் மாதிரி ஒரு புத்தகத்துக்கு வருஷக்கணக்கில் உழைத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். இருந்த கொஞ்சமும் பதிவு எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கவில்லை. எழுதி முடித்த சூட்டில் பொத்தானை அமுக்கிவிடுகிறோம், அரை மணி நேரத்தில் 'அருமை அண்ணா' வந்துவிடுகிறது. அந்த 'அருமை' எழுத்தை வளர்க்காது. எல்லாரும் சின்ன வயசு ஞாபகத்தையே எழுதுவதற்கும் இதுதான் காரணம், அதற்கு உடனே கைதட்டல் கிடைக்கும். பாட்டி சுட்ட பணியாரம், பள்ளிக்கூடத்து மரம், மழை. கடினமானதை, நேரம் பிடிப்பதை, படிக்கிறவரைச் சங்கடப்படுத்துவதை எழுதினால் அங்கே சத்தமே இருக்காது. எங்கள் பக்கத்துச் சின்ன வயசுக் கல்யாணங்களைப் பற்றி நான் எழுதியபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் படித்தார்கள், பதிவின் பார்வைக் கணக்கு காட்டியது. சத்தத்தை வைத்து எழுத்தை எடை போடாதீர்கள்.

எடிட்டர் இல்லாத குறைக்கு நான் கண்ட வழி, எழுதினதைக் கொஞ்ச நாள் மூடிவைப்பது, அப்புறம் இலக்கியப் பழக்கம் இல்லாத ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. என் கடைக்கு எதிரே டைலர் கடை வைத்திருக்கிற அக்காதான் எனக்கு. எங்கே அவர் ஊசியில் நூல் கோக்கத் தொடங்குகிறாரோ அங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்வேன்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். பதிவுகளை வரிசையாக ஒட்டினால் புத்தகம் ஆகாது. பதிவில் யார் எந்தப் பக்கத்தில் வந்து இறங்குவார்கள் என்று தெரியாது, அதனால் ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து சொல்வோம். தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர், அதியமான் ஆண்டது, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது என்று என் பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும். பதிவில் அது தேவை. புத்தகத்தில் அடுத்தடுத்த அத்தியாயத்தில் அதியமான் நெல்லிக்கனியோடு வந்து நின்றால் படிக்கிறவர் மூடிவைத்துவிடுவார். அதையெல்லாம் களைந்து, 'மேலே உள்ள சுட்டி', 'கீழே உள்ள படம்' என்பதையெல்லாம் எடுத்து, விட்டுப்போன இடங்களுக்குப் புதிதாக எழுதிச் சேர்த்து முடித்தபோது பாதிக்கு மேல் வேறாகியிருந்தது. வாசகர்கள் கீழே எழுதின கருத்துகள் எழுதினவர்களுடைய சொத்து. அவற்றைப் புத்தகத்தில் சேர்ப்பதாக இருந்தால் ஒவ்வொருவரிடமும் எழுதி அனுமதி வாங்குங்கள். திருப்பூர்ப் பையன் சந்தோஷமாகக் கொடுத்தான், தன் தாத்தா பெயரையும் போடச் சொன்னான்.

இதில் இன்னொரு அனுமதியும் இருக்கிறது. ஒப்பாரி பாடுகிற ஒரு பாட்டியிடம் கேட்டு, அவர் சம்மதித்து, அவர் பாடினதைப் பதிவில் போட்டிருந்தேன். புத்தகம் என்றதும் மறுபடி போய்க் கேட்டேன். "செல்லுல வந்தா போவுது தம்பி, பொஸ்தகத்துல எம்பேரு வாணாம், எம்மருமவ மனசு நோவும்" என்றார். அந்தப் பாட்டில் மருமகளைப் பற்றி இரண்டு வரி இருந்தது. பெயரையும் எடுத்தேன், அந்த இரண்டு வரியையும் எடுத்தேன். பதிவுக்குக் கொடுத்த சம்மதம் புத்தகத்துக்கு ஆகாது, அச்சு என்றால் ஜனங்களுக்கு இன்னும் ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

பதிப்பகங்கள் இப்போது பதிவு எழுதுகிறவர்களைத் தேடி வருகின்றன. முதலில் வந்த ஒரு பதிப்பகம் எத்தனை பேர் தொடர்ந்து படிக்கிறார்கள் என்று கேட்டது, என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் எல்லா உரிமையும், எல்லா மொழியும், எல்லாக் காலத்துக்கும் என்று இருந்தது, பதிவை அழித்துவிட வேண்டும் என்றும் ஒரு வரி. கையெழுத்துப் போடவில்லை. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது படித்துவிட வேண்டும். உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றிக்கொடுக்க முடியும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் பொருள். எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கின உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். அதனால் வருஷத்தைக் குறித்து, அச்சு உரிமையை மட்டும் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு எல்லாம் தனித்தனி. பதிவு பதிவாகவே இருக்கும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

எனக்குக் கடைசியில் அமைந்தது சின்னப் பதிப்பகம், தேவைக்கேற்ப அச்சிடுகிற முறை. இந்த டிஜிட்டல் அச்சுதான் வலைப்பதிவுக்கு அடுத்தபடி பதிப்புலகத்தை மாற்றியது. ஆஃப்செட்டில் பிளேட் செலவு இருப்பதால் நிறைய அடித்தால்தான் ஒரு பிரதியின் விலை இறங்கும். இதில் ஐம்பது அடித்தாலும் நூறு அடித்தாலும் பிரதிக்கு ஏறக்குறைய ஒரே காசு. குடோன் வேண்டாம், நூலக ஆணைக்குக் காத்திருக்க வேண்டாம். பிரதிக்கு ஆகிற செலவு ஆஃப்செட்டைவிடக் கூடுதல், அதனால் விலையைக் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டியிருக்கும். கடைக்காரருக்கு விடுகிற கழிவு (கமிஷன்) 30 முதல் 40 சதவீதம் வரை போகும் என்பதை விலை வைக்கும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் கட்டுகிற வேலையை நானே செய்தேன். யூனிகோடில் இருப்பதைச் சில அச்சகங்கள் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் வேலை செய்கின்றன, அப்படி மாற்றும்போது சில எழுத்து உடையும். ஸ்ரீ, க்ஷ, கொம்பு வைத்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். ஔவை என்பதில் ஔ ஒரே எழுத்து, அவசரத்தில் ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டுவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது, தேடலில் மட்டும் அகப்படாமல் போகும். அச்சுக்கு முன் பிழை பார்க்கிற மெய்ப்பைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்துப் பாருங்கள்.

நீங்களே பதிப்பாளர் என்றால் புத்தகத்தை அடையாளம் காட்டுகிற ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, தனி ஆளும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். சிறு ஊரிலிருந்து போடுகிறவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. செய்யுங்கள். நாம் இல்லாத காலத்திலும் தர்மபுரியைப் பற்றி ஒருவர் கன்னிமாராவில் தேடினால் கிடைக்க வேண்டும்.

கிண்டிலைப் பற்றியும் கேட்கிறார்கள். 2016 கடைசியிலிருந்து அங்கே தமிழ் மின்னூல் விற்கலாம். இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அமேசானின் செலெக்ட் என்கிற திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் அந்த உள்ளடக்கம் மின்வடிவில் வேறெங்கும் கிடைக்கக் கூடாது, உங்கள் வலைப்பதிவும் அதில் அடக்கம். பதிவை எடுத்துவிட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் 35 சதவீதம் போதும் என்று பதிவை வைத்துக்கொண்டேன், பெங்களூர்ச் சாரத்தில் நிற்கிற பையனிடமிருந்து அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வராது.

விற்பனை நான் நினைத்த இடத்தில் நடக்கவில்லை. சென்னைப் புத்தகக் காட்சியில் ஏதோ போனது. தகடூர் புத்தகப் பேரவை நடத்துகிற தர்மபுரி புத்தகத் திருவிழாவில்தான் ஜனங்கள் நின்று புரட்டி, தங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினார்கள். அதனால் புத்தகத்தின் கடைசியில் எந்த ஊர் எந்தப் பக்கத்தில் என்று காட்டுகிற ஊர்ப்பெயர் பட்டியல் ஒன்று கட்டாயம் சேருங்கள், முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறார்கள். தபாலில் அனுப்புவதற்கு, பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தின பிறகு 2025 மே முதல் தேதியில் ஞான் போஸ்ட் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள், 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. கூரியரைவிட எவ்வளவோ மேல்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 2019-இல் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, பிளாகரில் கூகுள் பிளஸ் வழியாக வந்திருந்த கருத்துகளெல்லாம் போய்விட்டன. எங்கள் பக்கத்துப் பதிவர் ஒருவருக்கு, தெருக்கூத்துக் குடும்பங்களைப் பற்றி வாசகர்கள் சேர்த்திருந்த விவரங்கள் அதோடு போயின, பதிவு நிற்கிறது, கீழே வெறும் இடம். பிளாகரில் அமைப்புகள் பக்கத்தில் முழுப் பதிவையும் கருத்துகளோடு ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. மாதம் ஒரு தடவை இறக்கிப் பென் டிரைவில் ஒன்று, வீட்டுக்கு வெளியே இன்னொருவரிடம் ஒன்று வையுங்கள். முக்கியமான பதிவுகளின் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமியுங்கள், அதற்குக் காசில்லை. படங்களைத் தனியாக, எந்த ஊர், எந்தத் தேதி என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். எப்படி என்று தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடைக்கு வாருங்கள், கூட்டம் இருக்காது, உட்கார்ந்து செய்து காட்டுகிறேன்.